தேரிவிளையில் உதிர்ந்த பெட்டிகள்

முதல் அநீதி, தேரிவிளையை அளக்க வந்த வெள்ளைக்கார சர்வேயர் ஊர்ப்பெயரைத் தன் நாக்கு வளைந்த அளவுக்கு வளைத்து எழுதிவிட்டுப் போனது. இரண்டாவது, அந்த சர்வேயர் கப்பலேறிப் போய், கொடி மாறி, கொடிக்கம்பம் மாறி, கம்பத்தடியில் நின்று முழங்கியவர்களும் மாறிய பிறகும் ரயில் நிலையப் பலகையில் அதே கோணல் பெயர் நின்றது. மூன்றாவது, எல்லையில் செத்துப்போன பட்டாளத்துக்காரன் ஒருவனின் சாவைச் சொல்ல வந்த தந்தி. ஊரில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாத மொழியில் வந்ததால், மகனுக்குப் பதவி உயர்வு என்று நினைத்து அவனுடைய தாய் தெருவுக்கெல்லாம் அச்சுவெல்லம் கொடுத்தாள். வெளியூர் வாத்தியார் ஒருவர் வந்து படித்துச் சொன்னபோது அந்த வெல்லம் பிள்ளைகளின் வாயில் இன்னும் கரைந்துகொண்டிருந்தது. நான்காவது, தமிழில் கையெழுத்துப் போட்டவர்களைப் பெருவிரல் ரேகை வைக்கச் சொன்ன வங்கி. ஐந்தாவது, அரசாங்க அலுவலகத்தில் தமிழ்த் தட்டச்சுப் பொறியை உறைபோட்டு மூடி வைத்து, ஆயுத பூஜை அன்றைக்கு மட்டும் உறையை விலக்கிச் சந்தனம் தெளித்தது. ஆறாவது அநீதியை அந்நியன் செய்யவில்லை. கம்ப்யூட்டர் வந்ததும் தமிழர்களே ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு விசைப்பலகை என்று பிரிந்துகொண்டார்கள். ஒரு கடையில் அடித்த கல்யாணப் பத்திரிகை பக்கத்துக் கடைக் கம்ப்யூட்டரில் கோழி கிளறிய குப்பையாகத் தெரிந்தது. ஏழாவது, பெட்டி.

இந்த வரிசையை மாற்றிச் சொல்ல கிள்ளிவளவன் யாரையும் விட்டதில்லை. யாராவது தந்திக்கு முன்னால் வங்கியைச் சொல்லிவிட்டால் கையை உயர்த்தி நிறுத்தி, "மொதல்ல இருந்து வாரும்" என்பார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் அவர். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் கூட்டங்களில் விற்ற துண்டுப் பிரசுரங்கள். அந்தக் காகிதம் கையில் கிழியும், வாக்கியம் மட்டும் கிழியாது. தகப்பன் வைத்த சுடலைமுத்து என்ற பெயரை நடுச்சந்தியில் மைக் பிடித்துத் துறந்து, கிள்ளிவளவன் என்று சூட்டிக்கொண்டு, அந்தப் பெயரிலேயே அடி வாங்கி, அந்தப் பெயரிலேயே பாளையங்கோட்டைச் சிறையில் களி தின்று, முடி நரைத்து, கட்சிக்காரர்கள் காரேறிப் போன பிறகும் சைக்கிளில் பசைவாளியோடு சுற்றியவர். பெயர் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும்.

ஆகவே பஞ்சாயத்துச் சேவை மையத்துக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தபோது, எவரும் சொந்தம் கொண்டாட முடியாத, எவர் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்கிற கட்டற்ற மென்பொருளை அதில் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அவர் ஒரு செவ்வந்தி மாலை வாங்கிக்கொண்டு போய் திரைக்குப் போட்டார். அதில் 'கோப்பு' என்று இருந்தது, 'திருத்து' என்று இருந்தது, 'சேமி' என்று இருந்தது. பாதி தமிழ், மீதி ஆங்கிலம்தான். ஆனாலும் அணைக்கும்போது அது 'நிச்சயமாக வெளியேற விரும்புகிறீர்களா?' என்று கேட்டது. ஓர் அலுவலகப் பொருள் தமிழில் தன்னிடம் அனுமதி கேட்டதை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்த கிள்ளிவளவன், அதைக் கேட்கவே தினமும் சாயங்காலம் மையம் மூடுகிற வேளைக்குப் போய் நின்றார். மையத்தை நடத்திய செலின், கணவனை வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டு ஒப்பந்தச் சம்பளத்தில் காலம் தள்ளுகிறவள், "அண்ணாச்சி, நீங்களே அமுக்குங்க" என்று சுட்டியை அவர் பக்கம் நகர்த்திவிடுவாள்.

மாசி மாதம், தேரி மணல்மேட்டின் செம்மண் எழும்பிப் பல்லிடுக்கில் நறநறக்கிற நாளொன்றில், கம்ப்யூட்டர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. அன்றைக்குக் கடை உரிமத்துக்காக வந்திருந்த டீக்கடைக்காரரின் பெயரை செலின் அச்சுக்குக் கொடுத்தாள். காகிதத்தில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுச் சதுரங்கள் வந்தன. வந்த சதுரங்கள் காகிதத்தில் நிற்கவுமில்லை. ஒவ்வொன்றாகக் கழன்று, டக் டக்கென்று தட்டில் விழுந்து, அங்கிருந்து தரையில் உருண்டன. தீப்பெட்டி அளவு, கறுப்பு விளிம்பு, நகம்போல மெல்லிய சுவர், ஒரு பக்கம் திறந்த வாய், உள்ளே ஒன்றுமில்லை. செலின் குனிந்து பொறுக்கி மேஜைமேல் வைத்தாள். "பேப்பர் சிக்கிட்டு போல" என்று சொல்லி அணைத்துப் போட்டுப் பார்த்தாள். மறுபடியும் பெட்டிகளே விழுந்தன. டீக்கடைக்காரர் அவற்றைத் துண்டில் முடிந்து கடைக்குக் கொண்டுபோய்ச் சீனி போட்டு வைத்துக்கொண்டார். நல்லாத்தான் இருந்தது, எறும்பு ஏறவில்லை.

சாயங்காலம்தான் தெரிந்தது, அவர் பெயரை இனி யாராலும் சொல்ல முடியாது என்று. கூப்பிட வாயைத் திறந்தால் காலி டின்னுக்குள் ஊதின மாதிரி ஒரு காற்று வந்தது, அவ்வளவுதான். எழுதினால் பேனா சதுரம் போட்டது. அவருடைய மனைவிக்கு மட்டும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. புருஷன் பெயரை அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. "ஏங்க, இங்க பாருங்க" என்றே பிள்ளை பெற்று, பேரன் எடுத்துவிட்டாள்.

பிறகு ரேஷன் அட்டை, சாதிச் சான்று, மின் இணைப்பு என்று போனவர்களுக்கெல்லாம் பெட்டி விழுந்தது, விழுந்த பெட்டிகளையெல்லாம் ஊர் ஏந்திக்கொண்டது. பெண்கள் கடுகு போட்டார்கள், வெந்தயம் போட்டார்கள், உடைந்த வளையல் போட்டார்கள். பிள்ளைகள் அடுக்கி விளையாடினார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயர் கூப்பிடுவதை விட்டுவிட்டு எண் கூப்பிட்டார், நேரம் மிச்சம் என்றார். கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டி, பெயர் சொல்ல வாயெடுத்துக் காற்று விட்டவர்களைப் பார்த்துப் பூசாரி, "சாமி பேருக்கே பண்ணிருவோம்" என்று சொல்லி மணியை ஆட்டினார். சாமிக்கும் அதில் குறையில்லை. தபால்காரர் வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்துக் கடிதம் போடப் பழகினார். தேங்காய்த் திருடன் ஒருவன் போலீசுக்கு முந்திக்கொண்டு தானாகவே வந்து தன் பெயரை அச்சடித்துப் பெட்டியாக்கி வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போனான். மற்றபடி ஊரில் எல்லாருக்கும் பட்டப்பெயர் இருந்தது. ஒத்தக்கண்ணன், பீப்பா, பல்லுக்கொட்டான் என்று காலங்காலமாகக் கூப்பிட்டு வந்த வாய்களுக்கு ஒரு கஷ்டமும் வரவில்லை.

இதுதான் கிள்ளிவளவனின் வயிற்றை எரித்தது. பெட்டி விழுந்ததுகூட அல்ல, அதில் கடுகு போட்டார்களே, அது.

"பேரு போச்சேய்யா!" என்று டீக்கடை பெஞ்சில் ஏறி நின்று கத்தினார். "உம்ம பேரு, உம்ம அப்பன் பேரு, எல்லாம் போச்சு! அதுல சீனி போட்டுட்டு இருக்கேரு!"

டீக்கடைக்காரர் நிதானமாக டீயை ஆற்றினார். "இப்ப என்ன குறைஞ்சு போச்சு அண்ணாச்சி? கடைக்கு ஆளு வராமலா இருக்கு? எறங்கும், பெஞ்சு ஆடுது."

"அண்ணாச்சிக்கு ரொம்ப நாளா போராட்டம் இல்ல, கை அரிக்கி" என்றான் ஒருவன் உள்ளேயிருந்து. பெஞ்சு முழுக்கச் சிரித்தது. கிள்ளிவளவன் யார் சிரித்தது என்று பெயர் சொல்லித் திட்ட வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. அவன் இன்னும் சிரித்தான்.

பஞ்சாயத்துத் தலைவர் பொன்னுத்துரைக்கு இது வேறு விதமாகத் தோன்றியது. ஊரில் சும்மா கிடக்கிற பெட்டிகளைப் பஞ்சாயத்தில் ஒப்படைக்கலாம் என்று ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தார். செங்கல்லைவிட உறுதி, செலவில்லை. பெட்டிகளை வரிசையாக அடுக்கி, சிமெண்ட் பூசி, குளத்தங்கரை ஆலமரத்தடியில் பேருந்து நிழற்குடை கட்டி, தன் பெயரைப் பளிங்கில் வெட்டி முகப்பில் பதித்துக்கொண்டார். அவர் பெயர் பெட்டியாகவில்லை. அவர் எதற்கும் சேவை மையத்து வரிசையில் நின்றதில்லை.

குளத்தின் அந்தக் கரையில், கல்குவாரியில் ஜல்லி உடைக்கிற பெண் ஒருத்தி குடிசை போட்டிருந்தாள். புருஷன் செல்லையா வெடி வைத்த பாறைக்கு அடியில் போய் வெகுகாலம். அவள் பெயரை இந்த இடத்தில் எழுத முடியாது. எழுதப்போனால் □□□□ என்றுதான் விழுகிறது. அந்தக் குடிசை இருந்த மனைக்குப் பட்டா கேட்டு ஏறி இறங்கி, தேய்ந்து, ஒருவழியாக ஆணை வந்திருந்தது. அதில் ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி. மே தினக் கிராம சபையில் பட்டா பெறுகிறவர் பெயரை மூன்று தரம் உரக்க வாசிப்பார்கள். உரியவர் எழுந்து 'இருக்கேன்' என்று சொல்ல வேண்டும். ஊரார் இரண்டு பேர் 'ஆமா, இவதான்' என்று சாட்சி சொல்ல வேண்டும். தேரிவிளையில் இது அந்தக் காலத்திலிருந்தே வழக்கம். பதில் வராத பெயர் 'விடுபட்டது'. விடுபட்ட மனை பஞ்சாயத்துக்கே திரும்பும். திரும்பினால் அங்கே தண்ணீர் பாட்டில் கம்பெனி போடப் பொன்னுத்துரையின் மச்சினன் ஏற்கெனவே போர்வெல் வண்டிக்காரனைக் கொண்டுவந்து இடம் காட்டியிருந்தான்.

கிள்ளிவளவன் ஓடினார். "ஏம்மா, உன் பேரு விழுந்த பெட்டிய எங்க வச்சிருக்க?"

"தலைவரு ஆளுக வந்து கேட்டாவ, குடுத்துட்டேன். செவுத்துக்குள்ள இருக்கும்."

"குடுத்துட்டியா! யாரைக் கேட்டுக் குடுத்த?"

அவள் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை. "கத்தாதீரும். எம்பேரச் சொல்லி யாரு கூப்பிடுதா? மேஸ்திரிக்கு நான் 'ஏட்டி'. ஊருக்குச் செல்லையா பெண்டாட்டி. நீரே இத்தன வருசத்துல என்னைய எங்க பேரு சொல்லிக் கூப்பிட்டேரு? 'ஏம்மா'ன்னுதான வந்து நிக்கேரு."

கிள்ளிவளவன் சல்லிக்கல் குவியலுக்குப் பக்கத்தில் குந்தினார். பிறகு கிராம சபையைப் பற்றி, மூன்று தரம் வாசிப்பதைப் பற்றிச் சொன்னார். அப்போதுதான் அவள் சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"கைநாட்டு வச்சா ஆகாதா?"

"ஆகாது. காதுல விழணும். பேரு காதுல விழணும்."

நேரே சேவை மையத்துக்குப் போனார். "செலின், இந்த மென்பொருளுக்கு முதலாளி யாரு? சொல்லு. அவன் கம்பெனி வாசல்ல நாளைக்கே உக்காருதேன்."

"முதலாளி கிடையாது அண்ணாச்சி."

"மேனேஜரு?"

"அப்படி யாரும் இல்ல. ஊரு ஊரா, நாடு நாடா ஆளுங்க சும்மா செய்யுறாங்க. யாரு வேணும்னாலும் திறந்து பாக்கலாம், யாரு வேணும்னாலும் திருத்தலாம்."

"அப்ப நம்மளத நாசம் பண்ணினவன் யாரு?"

"நாசம் பண்ணல. யாரும் ஒண்ணும் பண்ணல. அதான் இப்படி ஆயிருக்கு."

வாசல் இல்லாத எதிரியைக் கிள்ளிவளவன் கண்டதில்லை. அஞ்சலகத்துக்கு வாசல் இருந்தது, ரயில் நிலையத்துக்கு இருந்தது, வங்கிக்கு இரும்புக் கதவே இருந்தது. எங்கே போய் மறிப்பது, எதைப் பூட்டுவது, யார் உருவத்தைக் கொளுத்துவது? வேறு வழி தெரியாமல் திரைக்கு முன்னால் பாயை விரித்து உண்ணாவிரதம் உட்கார்ந்தார். சான்றிதழ் வாங்க வந்தவர்கள் அவரைத் தாண்டிக் கால்வைத்துப் போனார்கள். திரை அவ்வப்போது தானாக இருண்டது. மத்தியானம் செலின் மோரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, "குறை சொல்றதுக்குன்னு ஒரு இடம் இருக்கு அண்ணாச்சி. நீங்க சொல்லுங்க, நான் இங்கிலீஷ்ல அடிக்கிறேன்" என்றாள்.

கண்டன அறிக்கை சர்வேயரிலிருந்து தொடங்கியது. அவள் சுருக்கச் சொன்னாள்; அவர் ஒரு அநீதியைக்கூட விட மறுத்தார். தந்திக்கு வந்தபோது அவள் அடிப்பதை நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இறுதி எச்சரிக்கையோடு அறிக்கை முடிந்து கடல் தாண்டிப் போனது. மறுநாள் பதில் வந்திருந்தது. செலின் படித்து, மெதுவாகத் தமிழில் சொன்னாள்.

"உங்க ஊருக்கு நடந்ததுக்கு வருந்துறோம்னு போட்டிருக்காங்க. ஒவ்வொரு புதுப் பதிப்புக்கு முன்னாலயும் எல்லா மொழியையும் கூப்பிடுவாங்களாம். அந்த மொழிக்காரங்க ஒருத்தராவது போட்டுப் பாத்து 'சரியா இருக்கு'ன்னு சொல்லணுமாம். தமிழுக்கு ஒருத்தரு ரொம்ப வருசமா தனியா செஞ்சுக்கிட்டு இருந்தாராம். அப்புறம் அவரு வரல. போன பதிப்புல கூப்பிட்டோம், அதுக்கு முந்தின பதிப்புல கூப்பிட்டோம், இந்தத் தடவையும் கூப்பிட்டோம், பதில் இல்லைன்னு சொல்றாங்க. கடைசியா ஒரு வரி அண்ணாச்சி. 'நீங்கள் இருக்கிறீர்களா?'ன்னு கேட்டிருக்காங்க."

"அந்த ஒருத்தரு ஏன் வரல?"

செலின் பழைய மடல்களைத் திறந்து காட்டினாள். அந்த மனிதர் வேலை முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாகத் தமிழாக்கியிருந்தார். நன்றி என்று ஒரு மடல்கூட இல்லை. வந்ததெல்லாம் வசவு. 'கோப்பு' ஏன், 'கோவை' என்று போடத் தெரியாதா, தமிழைக் கொல்ல எவனிடம் காசு வாங்கினாய், நீ தமிழனா? வைதவர்கள் எல்லாரும் மொழிப்பற்றாளர்கள். அவர்களில் ஒருவர்கூட ஒரு வரியும் மொழிபெயர்த்துத் தந்ததில்லை.

கிள்ளிவளவனுக்கு வந்த கோபம் அதுவரை வந்த எல்லாக் கோபத்தையும்விடப் பெரியது, ஏனென்றால் அதைக் கொண்டுபோய் இறக்க ஒரு வாசலும் இல்லை. பாயைச் சுருட்டி எழுந்து, கதவருகே நின்று, எட்டாவது அநீதியைச் சொன்னார்: மூன்று தரம் கூப்பிட்டும், இருக்கேன் என்று ஒரு வாய்கூடத் திறக்காமல் போனது. சொல்லிவிட்டு மோரைக் குடித்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எங்க இருந்து தொடங்கணும்?"

பகலெல்லாம் உட்கார்ந்தார்கள். வரிசையில் ஆள் இல்லாத வேளையில் அவர் உரக்க வாசித்தார், அவள் அடித்தாள். எழுத்துரு எங்கே அறுந்திருக்கிறது என்று அவள் தேடினாள்; திரையில் எந்த எழுத்து பெட்டியாகிறது என்று அவர் மூக்கு திரையில் இடிக்கப் பார்த்துச் சொன்னார். ஊருக்கெல்லாம் சுவரொட்டி ஒட்டினார், 'தமிழர்களே வாருங்கள்' என்று. யாரும் வரவில்லை. குவாரி விட்டதும் அந்தப் பெண் மட்டும் கருப்பட்டிக் காப்பியோடு வந்து படியில் உட்கார்ந்து, இவர்கள் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லுக்காக அவர் மேசையைக் குத்தியபோது செலின் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "மே ஒண்ணுக்குள்ள முடியணுமா அண்ணாச்சி, இல்ல உங்க சொல்லு செயிக்கணுமா?" வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விவாதத்தில் கிள்ளிவளவன் பின்வாங்கினார். அந்தச் சொல் இன்றைக்கும் அவருக்குப் பிடிக்காத வடிவத்திலேயே இருக்கிறது.

சரிபார்த்ததை அனுப்பும்போது, அடியில் ஒரு வரி போடச் சொன்னார்: 'இருக்கிறோம்.'

மே தினத்தன்று காலையில் புதிய பதிப்பு வந்து இறங்கியது. செலின் கம்ப்யூட்டரைத் திறந்ததும், தேரிவிளையில் கடுகுக்குள், வெந்தயத்துக்குள், சீனிக்குள் எழுத்துகள் பொரிந்தன. கோழிக்குஞ்சு முட்டையை உடைக்கிற சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. டீக்கடைக்காரரின் சீனிப் பெட்டிகள் 'சுயம்புலிங்கம்' என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லின. அவர் டீயை ஆற்றுவதை மறந்து அழுதார். உள்ளே நின்ற அவர் மனைவி புருஷன் பெயரைக் காதில் வாங்கிவிட்ட வெட்கத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தேங்காய்த் திருடன் ஓடினான்.

நிழற்குடைச் சுவர் மட்டும் முனகியது. சிமெண்டுக்குள் அடைபட்ட பெயர்களின் சத்தம், தேனடைக்குள் கேட்பது மாதிரி. அந்தச் சுவருக்குக் கீழேதான் கிராம சபை. பொன்னுத்துரை நாற்காலியில் இருந்தார், செயலர் மைக்கைப் பிடித்திருந்தார். பட்டா பட்டியலுக்கு வந்ததும் செயலர் வாயைத் திறந்தார். காலி டின்னில் ஊதின காற்று வந்தது. மறுபடியும் காற்று.

"விடுபட்டதுன்னு போடும்" என்றார் பொன்னுத்துரை. "பேரே இல்லாதவளுக்கு எடம் எங்கேயிருந்து குடுக்கது?"

"பேரு அந்தச் செவுத்துக்குள்ள இருக்கு" என்று கிள்ளிவளவன் கத்தினார்.

"இருந்தா இருக்கட்டும். அரசாங்கச் சொத்தைத் தொட்டா கேசு தெரியும்லா? உமக்கு ஜெயிலு புதுசு இல்ல, அவளுக்குப் புதுசு."

அந்தப் பெண் எழுந்தாள். குவாரிக்குக் கொண்டுபோகிற சுத்தியல் கூடவே வந்திருந்தது. சுவரைக் கையால் தட்டித் தட்டி, காது வைத்துக் கேட்டு, பாறையில் கீறல் தேடுகிறவளைப் போல ஓர் இடத்தில் நின்றாள். பிறகு ஓங்கினாள். தினமும் மேஸ்திரிக்காக ஓங்கிய கை அன்றைக்குத்தான் தனக்காக ஓங்கியது. மூன்றாவது அடியில் பளிங்குப் பலகை பிளந்து பொன்னுத்துரையின் காலடியில் விழுந்தது. அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். சுவர் வாயைத் திறந்தது. ஊரின் பெயர்கள் எல்லாம் சிமெண்டுத் தூசியோடு கொட்டின. அவரவர் பெயரை அவரவர் குனிந்து பொறுக்கினார்கள், ஒருவரும் கடுகைப் பற்றிப் பேசவில்லை. தன்னுடைய நான்கு பெட்டிகளை மடியில் கட்டிக்கொண்டு, தலையெல்லாம் வெள்ளையாக அவள் சபைக்கு நடுவில் வந்து நின்றாள்.

செயலர் தலைவர் முகத்தைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார். "செல்லையா மனைவி..."

"அந்த ஆளு செத்து எம்புட்டோ காலம் ஆச்சு" என்றாள் அவள். "எம்பேர மட்டும் வாசியும்."

செயலர் மறுபடியும் தலைவர் முகத்தையே பார்த்தார். கிள்ளிவளவன் அவர் கையிலிருந்து மைக்கை வாங்கினார். சுயம்புலிங்கமும் செலினும் சாட்சி சொல்ல எழுந்து நின்றார்கள். மைக்கைப் பிடித்தால் வெயில் தாழும்வரை விடாத மனிதர், சர்வேயரிலிருந்து தொடங்குவார் என்று எல்லாரும் நிழல் பார்த்து நகர்ந்து உட்கார்ந்தார்கள். அவர் சர்வேயரைச் சொல்லவில்லை. தந்தியைச் சொல்லவில்லை. ஒரே ஒரு சொல்லைத்தான் சொன்னார், குளத்தின் அந்தக் கரைக்கும் கேட்கிற மாதிரி:

"மாடத்தி."